சாவி அவன்கிட்ட இருக்கு

அம்மா, அப்பா, அண்ணி, மூணு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நான் நல்லா இருக்கேன். பஸ்ல உக்காந்திருக்கேன். விரல்ல சின்னதா ஒரு கொப்புளம், டைப் அடிக்க வரல, அதனால போன்கிட்ட வாயால சொல்றேன், அதுவே எழுதிக்குது. புள்ளி வைக்கிற இடத்துல வைக்காம விட்டிருந்தா நீங்களே மூச்சு விட்டுக்கோங்க. பக்கத்து சீட்டுக்காரர் நான் யாரையோ போட்டுக் குடுக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு ஜன்னலோட ஒட்டிக்கிட்டார்.

அண்ணனைப் பார்த்துட்டேன். உயிரோட இருக்கான். அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா அம்மா பாதியிலயே அழ ஆரம்பிச்சுடும். அண்ணி, குட்டி பக்கத்துல இருந்தா சத்தமாப் படிக்காதீங்க. அவளுக்கு அப்பா கப்பல்ல ராஜா மாதிரி இருக்கார்னு சொல்லி வச்சிருக்கோம்ல.

ஏன் பேசாம எழுத்துல அனுப்புறேன்னா, கப்பல் தொழிலாளிங்க சங்கத்து மேடம்தான் அப்படிக் கேட்டாங்க. "வீட்டு ஆள் ஒருத்தர் கண்ணால பார்த்துட்டு, பார்த்ததைப் பார்த்த மாதிரி எழுதிக் குடுங்க, அதை வச்சு நான் திரும்ப ஒரு தடவை போய் முட்டிப் பார்க்கிறேன்"னாங்க. அண்ணி, இதை அப்படியே அவங்களுக்குத் தள்ளி விட்டுடுங்க. நடுவுல நம்ம வீட்டுக் கதையும் வரும், வராம இருக்காது. வேணாத்தை அவங்க ஒதுக்கிக்கட்டும்.

மேடம், உங்களுக்காக முதல்ல இருந்து. எங்க அண்ணன் சரக்குக் கப்பல்ல டெக் வேலை பார்க்கிறவன். கம்பெனி நொடிச்சுப் போச்சு. கப்பலைக் கொண்டாந்து துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நிறுத்திட்டாங்க. ஆளுங்க ஒவ்வொருத்தரா ஊருக்குப் போனாங்க. கடைசியா போன ஆபீசர், போட்ல இறங்குறப்போ சாவிக்கொத்தை அண்ணன் கையில திணிச்சு "கொஞ்சம் வச்சிரு"ன்னு சொன்னார். இவன் வாங்கி வச்சுக்கிட்டான். அவ்வளவுதான் நடந்தது. சாவி யார் கையில இருக்கோ அவன்தான் கப்பலுக்குப் பொறுப்பு, வேற ஆள் வந்து வாங்குற வரைக்கும் இறங்கக் கூடாதுன்னு துறைமுக ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வேற ஆள் வரவே இல்ல. மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்தாச்சு. இப்ப அவனும் ஒரு சமையல்காரரும்தான் மிச்சம்.

இறங்க ஒரே வழி, உடம்புக்கு முடியலன்னு அவன் வாயால சொல்லணும். சொன்னா ஆபீஸே சாவியை வாங்கிக்கும். நீங்களும் டாக்டரைக் கூட்டிக்கிட்டு ரெண்டு தடவை கப்பலுக்குப் போனீங்க. டாக்டர் "எப்படி இருக்கே"ன்னு கேட்டார். எங்க ஆள் என்ன சொன்னான்? "நல்லா இருக்கேன் டாக்டர், டீ குடிங்க."

மேடம், நீங்க அன்னிக்குக் கோவமா போன்ல "உங்க அண்ணனுக்கு என்ன பைத்தியமா"ன்னு கேட்டீங்க. பைத்தியம் இல்ல மேடம். எங்க வீட்ல யாரைக் கேட்டாலும் அதான் சொல்வோம். எங்க அம்மா மாடிப்படியில உருண்டு விழுந்து, கீழ கிடந்துக்கிட்டே "நல்லா இருக்கேன், அடுப்புல பால் இருக்கு, போய்ப் பாரு"ன்னு சொன்ன ஆளு.

சரி. இன்னிக்குக் கதைக்கு வரேன்.

மேடம், நான் வேலை பார்க்கிறதும் கப்பல் நிக்கிற இதே நாட்டுலதான், ஊரை விட்டு வந்து. ஓட்டல் லாண்டரியில, தரைக்குக் கீழ, ஜன்னலே கிடையாது. மெத்தை விரிப்புத் தேய்க்கிற வேலை. மேல வெயிலா மழையான்னு விருந்தாளிங்க நனைஞ்ச டவல் வந்தாத்தான் தெரியும். சூப்பர்வைசர் அக்காகிட்ட லீவு கேட்டப்போ, "எதுக்கு?"ன்னாங்க. அண்ணனைப் பார்க்கன்னு சொன்னா ஆயிரம் கேள்வி வரும். சுற்றுலா போறேன்னு சொன்னேன். "நீயா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் "போட்டோ எடுத்துட்டு வா"ன்னு ஒரு நாள் குடுத்தாங்க. நாளைக்கு விடிஞ்சதும் நான் மிஷின் முன்னாடி நிக்கணும்.

பொய் இல்ல, நிஜமாவே சுற்றுலாதான். துறைமுகக் கேட்ல என்னை மாதிரி ஆளை உள்ள விடமாட்டாங்க. கப்பல் பக்கம் தனியா படகு போகக் கூடாது. ஆனா அண்ணன்தான் ஒரு வழி சொன்னான். "தினமும் ஊர் பார்க்கிற கூட்டத்தை ஏத்திக்கிட்டு ஒரு படகு பறவைத் தீவுக்குப் போகுதுடி. எங்க கப்பலைத் தாண்டித்தான் போகுது. தொப்பி கலர் வரைக்கும் தெரியும். நீ பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல சட்டை போட்டுக்கிட்டு இடது பக்கமா நில்லு, கண்டுபிடிச்சுடறேன்"னான். அதான் டிக்கெட் எடுத்தேன். கோட்டை, பழைய தெரு, தண்ணிக்குள்ள நிக்கிற காடு, பறவைத் தீவு, எல்லாம் ஒரே டிக்கெட். முதல் மூணும் எனக்கு வேணாம், கடைசிக்கு மட்டும் போறேன்னா குடுக்க மாட்டாங்களாம்.

காலையில அண்ணன் போன் பண்ணினான். அங்க ஜெனரேட்டர் எப்பவாவதுதான் ஓடும், அதனால பொட்டு நேரம்தான் பேசுவான். "பொடிசு, கிளம்பிட்டியா? இங்க பாரு, பார்த்துட்டுப் போய் அம்மாகிட்ட நான் குண்டாயிட்டேன்னு சொல்லணும். அண்ணிகிட்ட தாடி வச்சிருக்கேன், சூப்பரா இருக்குன்னு சொல்லு"ன்னான். நான் இன்னும் பார்க்கவே இல்ல, அதுக்குள்ள சாட்சி என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுக்கிறான்.

ஊர் அழகாத்தான் இருக்கு. அம்மா, உனக்குப் பிடிக்கும். தெரு பூரா கல்லு பாவியிருக்கு, நடந்து நடந்து வழுவழுன்னு சோப்பு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் பழைய வியாபாரிங்க வீடு, மஞ்சள், நீலம், வெளுத்த ரோஸ். ஆளு உயரத்துக்கு மரக்கதவு போட்ட ஜன்னல். சுங்கச்சாவடியா இருந்த பெரிய கட்டடத்துல இப்ப புறா மட்டும்தான் வரி வசூல் பண்ணுது. எங்களைக் கூட்டிக்கிட்டுப் போனவர் கையில மைக்கு, இடுப்புல ஒரு ஸ்பீக்கர். பக்கத்துல நிக்கிறவங்ககிட்டயும் மைக்லதான் பேசுவார். மனசுக்குள்ள அவருக்கு மைக்குன்னே பேர் வச்சுட்டேன்.

எனக்கு எதுவுமே கண்ணுல நிக்கல. கையில பை. அம்மா, நீ சொன்ன எலுமிச்சம்பழம், வெங்காயம், ரெண்டு பனியன், காய்ச்சல் மாத்திரை எல்லாம் வாங்கிப் போட்டிருந்தேன். எப்படிக் குடுக்கப் போறேன்னு தெரியாது. சும்மா வாங்கினேன். வெறுங்கையோட போக மனசு வரல.

கோட்டையில ஒரு நிலவறைக்குள்ள இறக்குனாங்க. குனிஞ்சுதான் போகணும். உள்ள ஈர வாசனை, எங்க லாண்டரி மாதிரியே. மைக்கு ஒரு டார்ச் அடிச்சு, "இது கைதி இருந்த அறை, எதிர்ல இருக்கிறது காவல்காரன் இருந்த அறை, ரெண்டும் ஒரே அளவு. கைதி தண்டனை முடிஞ்சா போயிடுவான். காவல்காரன் சாவியைக் கையில வச்சுக்கிட்டு ஆயுசு பூரா இங்கயேதான்"னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மூச்சு முட்டிருச்சு. முன்னாடி ஒரு பெரியம்மா அகலமா நின்னு சுவரைப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. அவங்க நகராம நான் வெளிய வர முடியாது. "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி"ன்னு நான் கத்துன கத்துல அவங்க போனைக் கீழ போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நாள் பூரா என்னை முறைச்சுக்கிட்டே வந்தாங்க.

படகுத்துறைக்கு வந்தா, ஏறுறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி விட்டாங்க. என்ன கலர்னு நெனைக்கிறீங்க? ஆரஞ்சு. படகு பூரா ஆரஞ்சு. பெரியம்மா ஆரஞ்சு, புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஆரஞ்சு, மைக்கும் ஆரஞ்சு. நான் ஆசையா தேடி வாங்கின சட்டை ஜாக்கெட்டுக்கு உள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. கழட்டப் போனேன், படகுக்காரர் "கழட்டுனா கரையில இறக்கி விட்ருவேன்"னார். அண்ணனுக்குப் போன் அடிச்சேன், சுவிட்ச் ஆஃப்.

அதுக்கும் மேல, படகு நேரா கடலுக்குப் போகல. ஆத்துக்குள்ள திரும்பி அந்தக் காட்டுக்குள்ள போச்சு. மரமெல்லாம் வேரை வெளிய விட்டு, கூட்டமா கால் தூக்கி நிக்கிற மாதிரி தண்ணியில நிக்குது. சேத்துல ஒரு மீன் நடக்குது, நிஜமாவே நடக்குது. வேற நாளா இருந்தா நான் வாய் பொளந்து பார்த்திருப்பேன். மேல கிளை மூடிக்கிச்சு, வானம் தெரியல, தண்ணி வேற வத்திக்கிட்டிருந்துச்சு, படகு அடி தட்டித் தட்டிப் போகுது. மைக்கு ஒரு நண்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்ல. அதோட கொடுக்கு, அதோட பொண்டாட்டி, அதோட வீடு. அங்க அண்ணன் வெயில்ல டெக்ல நின்னுக்கிட்டிருப்பான்னு எனக்குத் தெரியும். "அண்ணே, நண்டு நாளைக்கும் இங்கதான் இருக்கும், போலாமா"ன்னு கேட்டுட்டேன். அவர் மைக்லயே, "இந்தத் தங்கச்சிக்குப் பறவைன்னா உயிர் போல"ன்னார்.

ஒரு வழியா கடல் வந்துச்சு.

தூரத்துல கப்பல் தெரிஞ்சுது. போட்டோல பார்த்தப்போ நீலமா இருந்துச்சுல்ல, இப்ப பாதிக்கு மேல துரு. மைக்கு எந்திரிச்சு, "இடது பக்கம் பாருங்க, ஆள் இல்லாம கைவிட்ட கப்பல், இங்க இதைப் பேய்க்கப்பல்னு சொல்வாங்க, போட்டோ எடுக்கலாம்"னார். பேயாம். அம்மா, எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மைக்கைப் பிடுங்கி "அந்தப் பேய் எங்க அண்ணன்யா"ன்னு சொல்லியிருப்பேன். அதுக்குள்ள டெக்ல ஆள் தெரிஞ்சுது.

மேல ரெண்டு பேர் நின்னாங்க. சட்டையும் பேண்ட்டும் ஒண்ணாச் சேர்த்துத் தச்ச கப்பல் உடுப்பு, அதுவும் ஆரஞ்சு. ஒருத்தர் நல்லா குண்டா, வயிறு தள்ளி, தாடியோட. இன்னொருத்தர் ஒல்லியா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, வயசானவர் மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கல. பொய் சொல்லலடா அண்ணா நீ, நிஜமாவே குண்டாயிட்டேன்னு அந்தக் குண்டு ஆளைப் பார்த்துக் கையை ஆட்டுறேன், குதிக்கிறேன். அவரும் ஆட்டினார். ஆனா படகுல எல்லாருமே ஆட்டுறாங்க. யாருக்கு ஆட்டுறார்னு தெரியல.

அப்பத்தான் அப்பா உங்க ஞாபகம் வந்துச்சு. நீங்க கோடவுன் வாசல்ல லாரியைப் பின்னாடி எடுக்க வைப்பீங்கல்ல, ஒரு கையை மடக்கி வா வா வான்னு, அப்புறம் ரெண்டு தட்டு தட்டி ரைட்டுன்னு. சின்ன வயசுல நானும் அண்ணனும் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு அதையே செஞ்சு காட்டிச் சிரிப்போம், உங்களுக்குத் தெரியாது. நான் பெஞ்சு மேல ஏறி அதைச் செஞ்சேன். வா, வா, வா. அப்புறம் படகு ஓரத்துல ரெண்டு தட்டு.

குண்டு ஆளு சும்மா பார்த்துக்கிட்டே நின்னார். அந்த ஒல்லி ஆளு கம்பியில இருந்து கையை எடுத்து, மடக்கி, வா வான்னு காமிச்சுட்டு, கம்பியில ரெண்டு தட்டு தட்டினார்.

அண்ணி, அதுதான் அண்ணன்.

நான் அப்படியே உக்காந்துட்டேன்.

அப்புறம் நடந்தது நல்லதா கெட்டதான்னு எனக்கு இப்பவும் தெரியல. போட்டோ நல்லா வரணும்னு மைக்கு இன்னும் கிட்டப் போகச் சொன்னார். கப்பல்ல இருந்து ஒரு பழைய கயிறு அறுந்து தண்ணிக்குள்ள கிடந்திருக்கு, பராமரிக்க ஆள் இல்லையே. படகுக்கு அடியில சுத்துற விசிறி அதுல சிக்கிக்கிச்சு. எஞ்சின் ஒரு இருமல் இருமிட்டு நின்னுருச்சு. படகு அலையில அடிச்சுக்கிட்டுப் போய்க் கப்பல் வயித்துல மோதப் போகுது. எல்லாரும் கத்துறாங்க. பெரியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, முறைப்பெல்லாம் போச்சு.

மேல இருந்து அண்ணன் கத்துறான், படகுக்காரருக்குக் கையாலயே சொல்றான். ஒடி, ஒடி, இன்னும் ஒடி, ஸ்டாப். அப்படியே நீங்கதான் அப்பா. படகுக்காரருக்கு நம்ம பாஷை தெரியாது, ஆனா அந்தக் கையைப் பார்த்துத் துடுப்பைப் போட்டுத் திருப்பிட்டார். படகு மோதல. அப்புறம் கட்டி நிறுத்துறதுக்கு அண்ணன் மேல இருந்து ஒரு கயித்தை வீசினான்.

மேடம், இதைக் கவனமாப் படிங்க. கயிறு எங்ககிட்ட வரல. பாதியில தண்ணியில விழுந்துச்சு. இழுத்துட்டு மறுபடி வீசினான், அதுவும் பாதி. தூரம் ஒண்ணும் இல்ல, எதிர் வீட்டு மாடிக்குத் தீப்பெட்டி தூக்கிப் போடுற தூரம். எங்க அண்ணன் கயிறு போடுறதையே தொழிலா வச்சிருக்கிறவன். மூணாவது தடவை வீசல, குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான். சமையல்காரர்தான் அவன் கையில இருந்து வாங்கிப் போட்டார்.

படகுக்காரர் கத்தியை வாயில கவ்விக்கிட்டு விசிறியை விடுவிக்கத் தண்ணிக்குள்ள குதிச்சார். அவர் வர்ற வரைக்கும் எங்களால நகர முடியாது. மேல அவன், கீழ நான். ஏணி கிடையாது. இருந்தாலும் ஏறக் கூடாது.

"பொடிசு! இதுல நீ எந்த ஆரஞ்சுடி?"ன்னான்.

"நீதானே ஆரஞ்சு போட்டுக்கிட்டு வரச் சொன்ன!"

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கப்பல்ல வேலை பார்க்கிற உனக்குத் தெரியாம, துணி தேய்க்கிற எனக்கா தெரியும்?"

சிரிச்சான். சிரிக்கும்போது கையால வாயை மூடிக்கிட்டான். அண்ணி, அவன் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லைல்ல. "கையை எடு"ன்னேன். "வெயில் கண்ணு கூசுது"ன்னான். கண்ணு கூசுனா எவனாவது வாயை மூடுவானா? "எடுடா"ன்னு கத்தினேன். எடுத்தான். கீழ் வரிசையில ரெண்டு பல்லு இல்ல. ஈறெல்லாம் கறுத்து வீங்கியிருக்கு. "கதவுல இடிச்சுக்கிட்டேன்"னான்.

"என்ன சாப்பிடுற?"

"எல்லாம் சாப்பிடறேன். நீ சாப்ட்டியா?"

பக்கத்துல இருந்த சமையல்காரர் வேற நாட்டுக்காரர், பாதி சைகை, பாதி அரைகுறைப் பேச்சு. அண்ணனுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எனக்கு மட்டும் தெரியற மாதிரி தலையை ஆட்டினார், இல்லைன்னு. அரிசி அள்ளுற மாதிரி காமிச்சார், விரல் நுனியை மட்டும் காமிச்சார். அப்புறம் அண்ணன் தட்டுல இருந்து எடுத்துத் தன் தட்டுல போடுற மாதிரி காமிச்சு, தன் வயித்தைத் தொட்டு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டார். அவருக்கு ஏதோ நோவு போல, அதான் அந்த வயிறு, அது சதை இல்ல, வீக்கம். இவன் தன் சோத்தை அவருக்குப் போடுறான். அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவர் உடனே வானத்தைப் பார்த்தார்.

அப்ப ஒரு வாளியைக் கயித்துல கட்டி இறக்குனாங்க. நான் பையை வைக்கலாம்னு போனா, வாளிக்குள்ள கெட்டில். ஆவி பறக்க டீ! மாட்டிக்கிட்டுத் தவிக்கிறோமாம், குடிக்கச் சொன்னான். பால் இல்ல, நல்ல இனிப்பு. படகு பூரா அவங்கவங்க பாட்டில் மூடியில ஊத்திக் குடிச்சாங்க. புது மாப்பிள்ளை "பரவாயில்லையே, பேய் நல்லா டீ போடுது"ன்னார். என் பங்கைப் பெரியம்மாகிட்ட குடுத்துட்டேன். மேல சமையல்காரர் சர்க்கரை டப்பாவைத் தலைகீழாத் தட்டிக் காமிச்சார். காலி.

நான் பையை வாளியில வச்சேன். மேல போனதும் அண்ணன் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். உரிக்கல, அறுக்கல. தோலோட கடிச்சான் அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு, அத்தனை பேர் பார்க்கிறாங்கன்னு கூட இல்லாம. அப்புறம்தான் ஞாபகம் வந்த மாதிரி முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டான்.

நான் சொன்னேன், "அண்ணா, மேடம் வருவாங்க. இந்தத் தடவை முடியலன்னு சொல்லிடு."

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்."

"அப்ப சாவியைத் தூக்கிப் போடு. யார் வாங்குறாங்களோ அவங்கதானே பொறுப்பு? நான் வாங்கிக்கிறேன்." கையை நீட்டிட்டேன். யோசிச்சு நீட்டல, கை தானா போச்சு. அவன் பாக்கெட்ல இருந்து கொத்தை எடுத்தான். கனமா இருக்கும்போல, கை தாழ்ந்துச்சு. ஒரு நிமிஷம் நிஜமாவே போட்டுடுவான்னு பயந்துட்டேன். பயந்தேன்தான், ஒத்துக்கிறேன். நாளைக்குக் காலையில எனக்கு மிஷின் இருக்கு, இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்னு ஓடுச்சு. ஆனாலும் கையை மடக்க முடியல.

அவன் குலுக்கிப் பார்த்துட்டு மறுபடி உள்ள போட்டுக்கிட்டான். "வேணாம்டி. வீட்ல ஏற்கெனவே ரெண்டு பேர் சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், நீ வேறயா?"

"ரெண்டு பேரா?"

"அப்பா இன்னும் கோடவுன் சாவியைக் குடுக்கலைல்ல?"

நீட்டின கையை அப்பத்தான் இறக்கினேன்.

"அந்த முட்டி வலியை வச்சுக்கிட்டு அவரே இன்னும் முடியலன்னு சொல்லல. நான் எப்படிடி சொல்லுவேன்?"ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். இந்தத் தடவை வாயை மூடல.

கீழ இருந்து படகுக்காரர் தலையைத் தூக்கி, அறுத்தாச்சுன்னு சொன்னார். எஞ்சின் போட்டாங்க. அண்ணன் கம்பியில ரெண்டு தட்டு தட்டினான், ரைட், போ. படகு போயிருச்சு. பறவைத் தீவுல என்ன பறவை இருந்துச்சுன்னு கேக்காதீங்க. பெரியம்மா மட்டும் என் பக்கத்துல வந்து உக்காந்து, எதுவும் கேக்காம, அவங்க தொப்பியை என் தலையில வச்சாங்க. திரும்பி வரும்போது அதே வழிதான், ஆனா அவன் டெக்ல இல்ல. சமையல்காரர் மட்டும் நின்னு, ரெண்டு கையையும் கன்னத்துல வச்சுத் தலையைச் சாய்ச்சுக் காமிச்சார். படுத்துட்டானாம். பகல்ல படுக்கிற ஆளா அவன்?

மேடம், இதான் நான் பார்த்தது. அவன் குண்டாகல. குண்டாயிட்டான்னு சொல்லச் சொன்னான், நான் சொல்லல.

பஸ்ஸு பாலத்துக்கிட்ட நிக்குது, ரொம்ப நேரமா. முன்னாடி ஏதோ லாரி குறுக்க நின்னுக்கிச்சாம். டிரைவர் கதவையும் திறக்க மாட்டேங்கிறார். எனக்குப் படபடன்னு வருது, அதனாலதான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

அப்பா, இனிமே உங்களுக்கு மட்டும். கோவிச்சுக்காதீங்க.

உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்து மாலை போட்டு அனுப்பியாச்சு. ஆனா சின்ன முதலாளி "சாவி மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும் பெரியவரே"ன்னார், நீங்களும் இடுப்புல சொருகிக்கிட்டீங்க. அண்ணன் கல்யாண போட்டோல நீங்க இல்ல, லோடு வந்துருச்சுன்னு ஓடுனீங்க. என்னை ஏர்போர்ட்ல வழியனுப்ப வரல, சாவி உங்ககிட்ட. நான் குறையா சொல்லல அப்பா. அண்ணனும் குறையா நெனைக்கல, அதுதான் பிரச்சினையே. சாவியைக் குடுத்தா வச்சுக்கணும், கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லணும், ஆம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும்னு உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டான். மேடம் சொல்லி அவன் கேக்க மாட்டான். நான் சொல்லியும் கேக்கல. அண்ணி அழுதாக்கூட "நல்லா இருக்கேன்மா"ன்னுதான் சொல்லுவான்.

நாளைக்கு நீங்க கோடவுனுக்குப் போங்க. சின்ன முதலாளி மேசையில சாவியை வைங்க. "உங்களை விட்டா யாரு இருக்கா"ன்னு அவர் சொல்லுவார், கண்டிப்பா சொல்லுவார். கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. வெளிய வந்து நின்னு அண்ணனுக்குப் போன் போடுங்க. எடுக்கலன்னா திரும்பத் திரும்பப் போடுங்க, ஜெனரேட்டர் ஓடுறப்போ எடுப்பான். நல்லா இருக்கியான்னு மட்டும் கேட்டுடாதீங்க. "சாவியைக் குடுத்துட்டேன்டா, முட்டி வலி தாங்கல"ன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். அவன் வாயைத் திறக்கிற வரைக்கும் போனை வைக்காதீங்க.

உங்களை மட்டும் சொல்லச் சொன்னா நியாயம் இல்ல. மேல நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்ல, அதை எப்படி அழிக்கிறதுன்னு தெரியல. கொப்புளம் சின்னது இல்ல. ஆவி அடிச்சு வலது கையில ரெண்டு விரலுக்குத் தோலே இல்ல. ராத்திரி அந்தக் கையைத் தனியா தலகாணி மேல வச்சுத்தான் தூங்குறேன். நாளைக்குச் சூப்பர்வைசர் அக்காகிட்ட காமிக்கப் போறேன். சத்தியமா. சொல்லிட்டேன், இப்ப உங்க முறை.

பஸ்ஸு நகருது.

அப்புறம் ஒண்ணு அப்பா. கோடவுன் ஷட்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சாவியைக் குடுத்துடுங்க. திறந்துட்டீங்கன்னா லோடு வந்துரும்.